பயணத்தில் உதறிய நாணம்

சில வினாக்கள் நூலில் படிக்கும்பொழுது எளியனவாகத் தோன்றும். அவை நம் வீட்டு வாசலில் வந்து நின்று கதவைத் தட்டும்பொழுதுதான் அவற்றின் கனம் தெரியும். தன்னை எவரும் அறியாத இடத்திலும், அறிந்த இடத்தில் நடப்பது போலவே மனிதன் நடந்துகொள்ள வேண்டுமா என்பது அத்தகைய வினாக்களுள் ஒன்று. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நன்னெறிக் கல்வித் தேர்வில் இவ்வினா வந்தது. ‘வேண்டும்’ என்று மூன்று பக்கம் எழுதி நல்ல புள்ளி பெற்றேன். அந்த மூன்று பக்கங்களில் என்ன எழுதினேன் என்பது இப்பொழுது நினைவில் இல்லை. எந்தத் தயக்கமும் இன்றி எழுதினேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அண்மையில் அதே வினா என் பழைய மாணவி ஒருத்தியின் தாயார் வடிவில் என் இல்லத்துக்கு வந்தது. மகள் நம் நாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் பயில்கிறாள். மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் ஒரு பருவத்துக்குத் தோக்கியோ நகரம் செல்லும் வாய்ப்பு அவளுக்குக் கிட்டியிருந்தது. தாயார் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் கலங்கிப் போயிருந்தார்.

“சார், நீங்க அந்த நாட்டுல இருந்துட்டு வந்தவங்க. அங்க ராத்திரியெல்லாம் ஊரு தூங்காதாமே! ராத்திரியில வெளிய போகமாட்டேன்னு உங்க முன்னால இவ எனக்குச் சத்தியம் பண்ணணும்” என்றார்.

மகள் தலை குனிந்து புன்னகை செய்துகொண்டிருந்தாள். மகனாக இருந்தால் இவர் இந்தச் சத்தியத்தைக் கேட்டிருப்பாரா என்னும் ஐயம் எனக்கு எழுந்தது. கேட்டால் வருந்துவார் என்று விட்டுவிட்டேன். ஆயினும் அவரது அச்சத்தை நான் சிரித்துத் தள்ளவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

இரவு வாழ்க்கை என்றாலே தீயது என்று கருதும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. தமிழ் இலக்கியம் பயின்றோர் அவ்வாறு கருத இடமில்லை. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி பத்துப்பாட்டுள் மிக நீண்டது. 782 அடிகள் கொண்டது. பகற்கடைகள் நிறைந்த நாளங்காடியும் இரவுக்கடைகள் நிறைந்த அல்லங்காடியும் அதில் இடம்பெறுகின்றன. இரவு யாமம் யாமமாக நகர, எந்த யாமத்தில் யார் விழித்திருக்கிறார், யார் உறங்கச் செல்கிறார் என்று புலவர் நம்மைக் கைபிடித்து அழைத்துச் சென்று காட்டுகிறார். பரத்தையர் உளர், கள்வர் உளர், அக்கள்வரைத் தேடும் காவலரும் உளர். நகரம் என்றால் இவர்கள் அனைவரும் சேர்ந்ததே என்று கருதிய புலவர் அவர். நாமும் பாசார் மாலாமில் பிள்ளைகளோடு கரும்புச்சாறு வாங்கிக் குடித்துக்கொண்டு நடப்பவர்களே. இரவை நாம் பகைப்பதில்லை.

நான் அஞ்சியது இரவை அன்று, கள்ளுக்கடையை. பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவரின் மகன் நான். மாலை மங்கியதும் என் தந்தையார் எங்கே இருப்பார் என்று அம்மா கேட்கமாட்டார். என் கையில் கைவிளக்கைக் கொடுத்து அனுப்புவார். அவரைத் தோளில் சாய்த்து அழைத்து வருவது என் பணி. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபொழுது, அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. கூலி உயர்வு கேட்டவர்கள் அந்தக் கூலி எங்கே போகிறது என்பதையும் அறிந்திருந்தார்கள். அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் எங்கள் தோட்டத்துக் கடை மூடப்படவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயதானபொழுது, அம்மா விளக்கின் முன் என்னை நிறுத்திச் சத்தியம் வாங்கினார். அச்சத்தியத்தை இன்றளவும் நான் மீறியதில்லை. இதனை நான் பெருமையாகச் சொல்வதாக வாசகர் எண்ணலாம். நெடுங்காலம் பெருமையாகத்தான் சொல்லி வந்தேன்.

நம் நாடு கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்தது 1982இல். அதன் பின்னர் இங்கிருந்து ஜப்பானுக்குச் சென்று பயின்றோர் பலர். ஜப்பானிய அரசு பிற நாடுகளில் பணியிலுள்ள ஆசிரியர்களுக்கென ஓர் உபகாரச் சம்பளத் திட்டத்தை 1980 முதல் நடத்தி வருகிறது. ஒன்றரை ஆண்டுக் காலம். முதலில் மொழிப் பயிற்சி, பின்னர் பல்கலைக்கழகத்தில் கல்வியியல். 2000ஆம் ஆண்டு அக்டோபரில் அத்திட்டத்தின் கீழ் நான் தோக்கியோ சென்றேன். மனைவியும் கைக்குழந்தையும் ஈப்போவில் இருந்தனர். என்னோடு பயின்றவர்கள் பல நாடுகளைச் சேர்ந்தவர்கள், எல்லாரும் ஆசிரியர்கள், எல்லாரும் தத்தம் ஊரில் தெருவில் நடந்தால் நாலு பேர் வணக்கம் சொல்லும் நிலையில் இருந்தவர்கள். தோக்கியோவில் எங்களை எவரும் அறியார். அந்த விடுதலை எத்தகையது என்பதை, சிற்றூர்ப் பள்ளியில் பணியாற்றிய ஆசிரியர் மட்டுமே முழுமையாக அறிவார். கடையில் எதை வாங்குகிறோம் என்று பெற்றோர் எட்டிப் பார்க்கமாட்டார்கள். முடி வெட்டிக்கொள்ளும்பொழுது மகனின் தேர்ச்சி அறிக்கையைப் பற்றி எவரும் கேட்கமாட்டார்கள்.

அந்நாட்டு இரவை நான் முதலில் கண்டது ‘இசாகாயா’ எனப்படும் உணவுக்கூடங்களில்தான். வாசலில் சிவப்புக் காகித விளக்கு தொங்கும். உட்கார்ந்ததும் கைதுடைக்க ஈரத்துவாலை வரும். கேளாமலே சிறு தட்டில் ஏதோ ஒன்று வரும். அதற்கும் விலை உண்டு. தன் குவளையைத் தானே நிரப்பிக்கொள்ளுதல் அங்கே முறையன்று. அடுத்தவர் குவளை குறைவதை நாம் கவனித்து ஊற்ற வேண்டும். நம் குவளையை அவர் கவனிப்பார். இந்த வழக்கத்தின் அழகு என்னை மிகவும் கவர்ந்தது. நான் ஊலோங் தேநீர் கேட்டபொழுது எவரும் என்னை வற்புறுத்தவில்லை. என் தேநீர்க் குவளையையும் அதே கவனத்தோடு நிரப்பினார்கள். அம்மாவின் சத்தியத்துக்கு இடையூறே நேரவில்லை.

ஆண்டிறுதியில் ‘போனென்காய்’ நடைபெறும். ‘கழிந்த ஆண்டை மறக்கும் கூட்டம்’ என்பது அதன் பொருள். பகலில் மாணவர் தலை நிமிர்ந்து பேசத் தயங்கும் பேராசிரியர், அன்றிரவு கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு பாட்டுப் பாடினார். இளைய விரிவுரையாளர் ஒருவர் அவருடைய பாடத்திட்டத்தைக் கடுமையாகக் குறைகூறினார். அவரும் சிரித்துக்கொண்டே கேட்டார். மறுநாள் காலையில் இருவரும் ஒன்றுமே நிகழாதவர் போல் வணங்கிக்கொண்டனர். பதவி வரிசையைச் சற்றே ஒதுக்கி வைக்கும் இத்தகைய கூட்டத்துக்கு ‘புரெய்கோ’ என்று தனிப்பெயரே உண்டு. இரவில் பேசியது பகலின் கணக்கில் சேராது. நம் பள்ளிகளின் ஆசிரியர் கூட்டங்களை எண்ணிப் பார்க்கிறேன். பகலில் வாய் திறக்காமல், இரவிலும் வாய் திறக்க இடமின்றி, மனத்திலேயே வைத்துப் புழுங்கும் இளம் ஆசிரியர்கள் எத்தனை பேர்! இரவுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்று அன்று தோன்றியது. இன்றும் அக்கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

எது தகும், எது தகாது என்பதைச் சட்டத்தைக் கொண்டே அளந்துவிடலாம் என்போர் உளர். என் மாணவிக்கு வயது 20. நம் நாட்டில் மது வாங்குவதற்குரிய வயது 2017 டிசம்பரில் 18இலிருந்து 21ஆக உயர்த்தப்பட்டது. ஜப்பானிலோ அது 20. அங்கே 2022 ஏப்ரலில் பருவம் எய்தும் வயதைச் சட்டப்படி 18ஆகக் குறைத்தபொழுதும், மதுவுக்குரிய வயதை 20ஆகவே வைத்துக்கொண்டனர். ஆகவே கோலாலம்பூரில் விமானம் ஏறும்பொழுது தகாதது, தோக்கியோவில் இறங்கும்பொழுது தகுவதாகிவிடுகிறது. இன்னொன்று: 1948இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, நள்ளிரவுக்குப் பின் மக்களை ஆடவிடுதல் அங்கே குற்றமாக இருந்தது. விடிய விடியக் குடிக்கலாம், ஆடலாகாது! நான் அங்கிருந்த காலத்தில் அச்சட்டம் நடைமுறையில் இருந்தது. அதனை எவரும் பெரிதாகப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. 2015இல் திருத்தி, 2016இல் விலக்கினர். 2016க்கு முன் பின்னிரவில் ஆடிய கால்கள் தீய கால்களாகவும், பின் ஆடியவை நல்ல கால்களாகவும் ஆகிவிடுமா? சட்டம் ஊருக்கு ஊர் மாறட்டும், மாறத்தான் வேண்டும். நம் வினாவுக்கு அது விடையாகாது.

இனி நான் சொல்லத் தயங்குவதைச் சொல்கிறேன்.

2001 டிசம்பரில் இரண்டாவது போனென்காய். முதற்கூட்டம் முடிந்து, பாட்டுக்கூடத்தில் இரண்டாம் கூட்டமும் முடிந்தது. பேராசிரியர் விடைபெற்றுச் சென்றார். எஞ்சியவர் நால்வர். எங்களோடு பயின்ற ஜப்பானிய ஆசிரியர் ஒருவர் எங்களை ஷின்ஜுக்குவின் கபுகிச்சோ பகுதிக்கு அழைத்துச் சென்றார். போருக்குப் பின் அங்கே கபுகி நாடக அரங்கு ஒன்றைக் கட்டத் திட்டமிட்டு, அதன் பெயரையே இடத்துக்கும் சூட்டினர். அரங்கு எழவே இல்லை, பெயர் நின்றுவிட்டது, அதன்கீழ் வேறொரு நாடகம் குடியேறிவிட்டது. ஒரு மாடிப்படியின் அடியில் நான் நின்றுவிட்டேன். மேலே பிலிப்பீன்ஸ் நாட்டுப் பெண்கள் உடனமர்ந்து மது ஊற்றி உரையாடும் கூடம் என்று பலகை கூறியது. என் தயக்கத்தைக் கண்ட அந்நண்பர் தம் நாட்டுப் பழமொழி ஒன்றைச் சொன்னார். பயணத்தில் நேரும் நாணத்தை அங்கேயே உதறிவிட்டு வந்துவிடலாம் என்பது அதன் கருத்து. அவர் நல்லவர்; என்னைக் கெடுக்க எண்ணியவர் அல்லர். தெரியாத ஊரில் தட்டுத்தடுமாறும் அந்நியனுக்கு ஆறுதலாகவே நெடுங்காலம் வழங்கி வந்த மொழி அது. அதே மொழி வேறொரு கதவையும் திறக்கும்.

நான் படியேறினேன்.

அங்கே தகாதது எதுவும் நிகழவில்லை என்று நான் எழுதினால் வாசகர் நம்பக்கூடும். வழக்கமான பொருளில் அது உண்மையே. ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தேன். ஊலோங் தேநீர் குடித்தேன். மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தினேன். என் அருகில் அமர்ந்த பெண்ணுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். ஆங்கிலமும் ஜப்பானிய மொழியும் கலந்து பேசினார். என்ன தொழில் என்று கேட்டார். நான் ஆசிரியர் என்று சொல்லவில்லை. ஒரு மின்பொருள் நிறுவனத்தில் பயிற்சிக்கு வந்த எழுத்தர் என்றேன். கேளாமலே ஒரு பெயரையும் சொன்னேன். அதுவும் என் பெயரன்று.

சற்று நேரத்துக்குப் பின் அவர் தம் மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பாட்டியிடம் வளர்கிறான், மூன்றாம் வகுப்பு. வாரம் ஒருமுறை தொலைபேசி அட்டை வாங்கி அவனோடு பேசுகிறார். வகுத்தல் கணக்கில் மீதி வந்தால் அவனுக்குப் புரிவதில்லையாம், அழுகிறானாம். “தொலைபேசியில் அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். பொழுதுபோக்குக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

நான் அதுவரை எட்டு ஆண்டுகள் மூன்றாம் ஆண்டுக்குக் கணிதம் கற்பித்தவன். மீதி வரும் வகுத்தலைப் புளியங்கொட்டைகளைக் கொண்டு கற்பிப்பதில் எனக்கென்று ஒரு முறை உண்டு. மாவட்டப் பயிற்சிப் பட்டறையில் அதைப் பிற ஆசிரியர்களுக்குச் செய்துகாட்டியும் இருக்கிறேன். எங்கள் முன் ஒரு சிறு தட்டில் நிலக்கடலை இருந்தது. பதினான்கு கடலைகளை எடுத்து, நான்கு பேருக்குப் பங்கிட்டு, எஞ்சிய இரண்டைத் தனியே வைத்துக் காட்டினால் போதும். தொலைபேசியின் மறுமுனையிலும் அச்சிறுவன் கையில் பதினான்கு கடலைகள் இருந்தால் போதும். ஐந்து நிமிட வேலை.

“எனக்கும் கணக்கு வராது” என்றேன். அவர் சிரித்துவிட்டு என் தேநீரை நிரப்பினார்.

கடைசி இரயில் போய்விட்டது. அந்நகரில் நள்ளிரவைத் தாண்டிச் சற்று நேரத்தில் இரயில்கள் நின்றுவிடும். மறுபடி ஓடத் தொடங்குவது ஏறக்குறைய நாலரை மணிக்கு. இடைப்பட்ட பொழுதில் அகப்பட்டுக்கொண்டோர்க்கென்றே ஒரு வகை விடுதிகள் உண்டு. ஓர் ஆள் படுக்குமளவு பெட்டிகளை அடுக்கி வைத்தாற்போல் இருக்கும். இவ்வகை விடுதிகளுள் முதலாவது 1979இல் ஒசாகாவில் எழுந்தது. அதனை வடிவமைத்தவர் கிஷோ குரோகாவா. 1998இல் திறக்கப்பட்ட நம் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தை வடிவமைத்தவரும் அவரே. அகன்ற கூரையின் கீழ் என்னை நாட்டைவிட்டு வழியனுப்பியவரும், குறுகிய பெட்டிக்குள் என்னைப் படுக்க வைத்தவரும் ஒருவரே என்று அன்றிரவு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சற்றுச் சிரித்திருப்பேன். சிரிக்கும் நிலையில் நான் இல்லை.

என்னை யாரும் அறியாத இடத்தில் நான் ஏன் பொய் சொன்னேன்? இதுவே என்னை வாட்டிய வினா.

பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலின் இரண்டாம் பகுதியில் கிளாக்கன் வாயிலாக ஒரு கதை சொல்கிறார். ஆடு மேய்ப்பவன் ஒருவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதனைத் திருப்பி அணிந்தால் பிறர் கண்ணுக்குத் தெரியமாட்டான். அவன் அரண்மனை புகுந்து அரசியை வயப்படுத்தி, அரசனைக் கொன்று, ஆட்சியைக் கைப்பற்றுகிறான். இத்தகைய மோதிரம் நல்லவனுக்கும் கிடைத்தால் அவனும் அவ்வாறுதான் செய்வான். மனிதர் நல்லவராய் இருப்பது பிறர் பார்க்கிறார்கள் என்பதால்தான் என்பது கிளாக்கனின் வாதம். அயல்நாட்டு இரவு ஒவ்வொரு மாணவன் விரலிலும் அம்மோதிரத்தை மாட்டிவிடுகிறது எனலாம்.

அவ்வாறாயின், மோதிரம் ஏற்கெனவே என் விரலில் இருந்ததே! அந்தப் பெண் ஈப்போவுக்கு வந்து என் பள்ளி வாசலில் நின்று குற்றம் சாட்டப் போவதில்லை. ஆசிரியர் என்று சொல்லியிருந்தாலும் எனக்கு எள்ளளவும் கேடில்லை. இருந்தும் மறைத்தேன். பார்க்கும் கண் ஊரில் மட்டும் இல்லை, என்னுள்ளும் இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று என்று சில காலம் எனக்கு நானே ஆறுதல் கூறிக்கொண்டேன். மனச்சான்று விழித்திருந்தது, அதனாலன்றோ நாணினேன் என்று வாதிட்டேன். இவ்வாதத்தை வகுப்பறையில் ஒரு மாணவன் சொல்லியிருந்தால் பாராட்டியிருப்பேன். ஆனால் அது செல்லாது. என்னுள் இருந்த கண் நான் படியேறுவதைத் தடுக்கவில்லை. வேடம் போடத்தான் கற்றுக்கொடுத்தது. அம்மனச்சான்று எனக்குக் காவலனாக நிற்கவில்லை. கள்வனுக்கு விளக்குப் பிடித்தது. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கூடா ஒழுக்கத்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். முன்னதைச் சுவரில் எழுதி மாட்டிக்கொண்டவன் பின்னதைப் புரட்டவே இல்லை.

அமெரிக்க மானிடவியலார் ரூத் பெனடிக்ட் ஜப்பானைப் பற்றி 1946இல் எழுதிய நூலில், அதனை நாணத்தை அடிப்படையாகக் கொண்ட பண்பாடு என்றும், மேலை நாடுகளைக் குற்றவுணர்வை அடிப்படையாகக் கொண்டவை என்றும் பிரித்தார். ஜப்பான் மண்ணை மிதிக்காமலே அந்நூலை அவர் எழுதினார். அப்பிரிவினையில் எனக்கு உடன்பாடில்லை. தோட்டப்புறத்தில் வளர்ந்த எவருக்கும் அவ்விரண்டும் ஒரே கயிற்றின் இரு புரிகள் என்று தெரியும். அந்நாட்டுச் சிந்தனையாளர் வாட்சுஜி தெட்சுரோ (1889–1960) கூறுவதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ‘மனிதன்’ என்பதற்கு அவர்கள் மொழியில் வழங்கும் ‘நிங்கென்’ என்னும் சொல்லை இரண்டு எழுத்துகளால் எழுதுவர். ஒன்றன் பொருள் ஆள். மற்றதன் பொருள் இடை. ஒழுக்கம் என்பது தனிமனிதனின் உள்ளத்துக்குள் மட்டும் குடியிருப்பதன்று; மனிதருக்கும் மனிதருக்கும் இடையே உள்ளது என்பது அவரது அறவியலின் அடிப்படை. இதை முதலில் படித்தபொழுது, ‘அப்படியானால் எனக்கு எவரோடும் உறவில்லாத ஊரில் ஒழுக்கமும் இல்லை போலும்’ என்று எண்ணினேன். பின்னர்தான் விளங்கியது. அந்த மேசையருகே அமர்ந்த கணத்திலேயே எனக்கும் அப்பெண்ணுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டாகிவிட்டது. அவர் அதில் தம் மகனைக் கொண்டுவந்து வைத்தார். நான் ஒரு பொய்ப் பெயரை வைத்தேன்.

பயணத்தில் நாணத்தை உதறலாம் என்பவர் ஒன்றை மறந்துவிடுகிறார்: உதறியது எங்கே விழுகிறது? நமக்குப் பயணமாக இருப்பது இன்னொருவருக்கு வேலையிடம். நம் இரவு அவரது வேலை நேரம். நாம் காலை இரயில் ஏறிவிடுவோம். அவர் மறுநாளும் அதே படிகளில் ஏறுவார். அக்காலத்தில் பிலிப்பீன்ஸிலிருந்து கலைஞர் விசாவில் ஜப்பானுக்குள் நுழைந்தோர் ஆண்டுக்குப் பல்லாயிரவர். 2004இல் மட்டும் அத்தொகை 80,000ஐத் தாண்டியது. ஆட்கடத்தல் பற்றிய அமெரிக்க அரசின் அறிக்கை அவ்வாண்டு ஜப்பானைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. அதன் பின்னரே 2005இல் விசா விதிகள் இறுக்கப்பட்டன. நான் கண்ட கூடத்தில் அத்தகைய கொடுமை நிகழ்ந்தது என்று சொல்ல எனக்குச் சான்றில்லை. நிகழவில்லை என்று சொல்லவும் இல்லை, நான் கேட்கவில்லையே.

இன்னொரு காட்சியும் நினைவுக்கு வருகிறது. நான் சென்ற முதல் டிசம்பரில், அதாவது 2000இல், ஷின்ஜுக்குவிலிருந்து புறப்படும் கெயோ இரயில் தடத்தில், பின்னிரவு வண்டிகளில் பெண்களுக்கென்று தனிப்பெட்டி ஒன்றைச் சோதனையாக விட்டனர். போனென்காய் முடித்துக் குடித்துவிட்டு ஏறும் ஆடவரின் தொல்லை தாளாமல் செய்த ஏற்பாடு அது. அடுத்த மார்ச்சில் அதை நிலையாக்கினர். கழிந்த ஆண்டை மறக்கும் கூட்டம் எத்துணை இனியது என்று முன்னே எழுதினேன்; அந்த இனிமைக்கு யாரோ ஒரு பெட்டிக்குள் ஒதுங்கி நின்று விலை கொடுத்தார்கள். அப்பெட்டியை நானே கண்டிருக்கிறேன். அந்நாட்டுத் திறமைக்கு எடுத்துக்காட்டாக அதை மனைவிக்குக் கடிதத்தில் எழுதியும் அனுப்பினேன்!

அயல்நாட்டில் பயிலும் மாணவரின் இரவைப் பற்றிப் பேசும்பொழுது காந்தியடிகளைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. 1888இல் இலண்டன் புறப்படுமுன், மதுவையும் மாதரையும் புலாலையும் தீண்டுவதில்லை என்று தாயாருக்கு வாக்களித்தார். இலண்டனில் ஆடை தைத்துக்கொண்டார், நடனம் பயின்றார், வயலின் வாங்கினார். சைவ உணவாளர் மாநாட்டுக்காகப் போர்ட்ஸ்மத் சென்றிருந்தபொழுது, இரவில் விடுதித் தலைவியோடு சீட்டாடுகையில் பேச்சு எல்லை மீறத் தொடங்கியது. உடனிருந்த நண்பர் எச்சரித்ததால் எழுந்து தம் அறைக்கு ஓடினார். ‘சத்திய சோதனை’யில் இதனை அவரே எழுதியிருக்கிறார். வாக்குத்தான் அவரைக் காத்தது என்று பலர் மேடைகளில் பேசுகிறார்கள். நான் படித்த அளவில், வாக்கு மட்டும் காத்திருந்தால் அவர் அந்த மேசையைவிட்டு முன்பே எழுந்திருப்பார். காத்தது நண்பரின் ஒரு சொல். அதைக் கேட்டு வெட்கித் தலைகுனிய அவர் ஆயத்தமாக இருந்தது. அதைவிட முக்கியமாக, பிற்காலத்தில் தம்மை எல்லாரும் மகாத்மா என்று கொண்டாடிய பொழுதில், எவரும் கேளாமலே அதை எழுதினார்.

அம்மாவுக்கு நான் செய்த சத்தியமும் காந்தியடிகளின் வாக்கைப் போன்றதே. அதை எழுத்துக்கு எழுத்து காத்தேன். அது மதுவைப் பற்றிய சத்தியம்; பொய்யைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. நிலக்கடலையைப் பற்றியும் ஒன்றும் இல்லை. ஊருக்குத் திரும்பிய பின், “ஒன்றரை ஆண்டு ஜப்பானில் இருந்தும் ஒரு சொட்டுத் தொடவில்லை” என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் கண்கலங்கி என் தலையைத் தடவினார். அம்மாவின் கையை அன்று நான் தகுதியோடு ஏற்கவில்லை.

ஆகவே என்னோடு பயின்ற இன்னொருவரைப் போல் இருப்பதே நலம் என்று முடிவு செய்துவிடலாமா? அவர் பதினெட்டு மாதங்களும் மாலை ஆறு மணிக்கு அறைக் கதவைப் பூட்டிக்கொண்டவர். தம் நாட்டுத் திரைப்படங்களைப் பார்த்துக்கொண்டு, தம் நாட்டு உணவைச் சமைத்துக்கொண்டு காலம் தள்ளினார். அவர் எவருக்கும் தீங்கு செய்யவில்லை. எவருடைய குவளையையும் நிரப்பவும் இல்லை. தம் நாணத்தை உதறாமல் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக் கொண்டுசென்று, பெட்டியைத் திறக்காமலே கொண்டுவந்து சேர்த்தார். அதனை ஒழுக்கம் என்று அழைக்க என் மனம் இடங்கொடுக்கவில்லை. பூட்டிய கதவுக்கே அந்தப் பெருமை சேரும்.

இவற்றையெல்லாம் அந்தத் தாயாரிடம் எப்படிச் சொல்வது? நான் சொன்னது இவ்வளவுதான்: “அம்மா, சத்தியம் வேண்டாம். போகுமிடத்தையும் உடன் வருவோரையும் உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டுத் திட்டாமல் இருங்கள்.” அவருக்கு அது நிறைவளிக்கவில்லை. தலைமையாசிரியரிடம் வந்தால் கண்டிப்பு கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர் அவர். மகள் நிமிர்ந்து பார்த்தாள். “சத்தியம் பண்ணமாட்டேன், சார். ஆனா எங்க போனாலும் அம்மாகிட்ட சொல்லிடுவேன்” என்றாள். சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஆரம்பப் பள்ளியிலும் அவள் அப்படித்தான், வீட்டுப்பாடம் செய்யவில்லையென்றால், வயிற்றுவலி என்று சொல்லமாட்டாள், செய்யவில்லை என்பாள்.

புறப்படும்பொழுது, “நீங்க அங்க இருந்தப்போ ராத்திரியில எங்க போவீங்க, சார்?” என்று கேட்டாள். உற்சாகமாகச் சொன்னேன். சிவப்பு விளக்குத் தொங்கும் இசாகாயாவைச் சொன்னேன். பிறர் குவளையை முதலில் பார்க்க வேண்டும் என்றேன். பேராசிரியர் பாடிய கதையைச் சொன்னேன். கடைசி இரயிலைத் தவறவிட்டுப் பெட்டி விடுதியில் உறங்கியதையும் சொன்னேன். எல்லாவற்றையும் அவள் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். எப்படி இரயிலைத் தவறவிட்டீர்கள் என்று அவள் கேட்டபொழுது, பாட்டுக் கூட்டம் நீண்டுவிட்டது என்றேன்.

இப்பொழுது அவள் தோக்கியோவில் இருக்கிறாள். இந்தத் தொகுப்பு அச்சாகி அவள் கைக்குப் போய்ச்சேர இன்னும் சில மாதங்கள் ஆகும்.